ஈரம் கழித்த பிறகு

டாக்டர் எஸ். மணியின் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிற எவரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற வார்த்தை ‘ஈரம்’. லேசரை ஓட்டத் தெரிய வேண்டாம், எந்த வால்வு எதற்கு என்று தெரிய வேண்டாம், ஈரம் என்றால் என்னவென்று தெரிந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். திரையில் வரைகோடு ஓடிக்கொண்டிருக்கும். இருக்கக் கூடாத இடத்தில் திடீரென்று ஒரு சிகரம் முளைக்கும். புதிதாக வந்தவர் பதறிப்போய் சீனியரைக் கூப்பிடுவார். சீனியர் கையிலிருக்கும் டீயைக் கூடக் கீழே வைக்காமல் எட்டிப் பார்த்துவிட்டு, “ஈரம். கழிச்சிரு” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அதில் தப்புச் சொல்லவும் முடியாது. தூத்துக்குடிக் கடற்கரையில் ஆய்வகத்தைக் கட்டிவிட்டு ஈரத்துக்குப் பயந்தால் ஆகுமா. எத்தனை ஏசி போட்டாலும் சுவரில் கை வைத்தால் பிசுபிசுக்கும். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நீராவிக்கு அது பழக்கமான தீனி. லேசரிலிருந்து கிளம்பிய ஒளி கருவிக்குள் நுழைவதற்குள், நடுவழியில் அறைக்காற்றில் மிதக்கும் நீராவி தனக்குப் பிடித்த நிறங்களை எடுத்துத் தின்றுவிடும். தின்ற தடம் வரைகோட்டில் மேடும் பள்ளமுமாக நிற்கும். அதைக் கண்டுபிடித்து நீக்குவதற்கு மணியே ஒரு நிரல் எழுதி, அதற்கு ‘ஈரம்’ என்றே பெயரும் வைத்திருந்தார். “சார் கிட்ட கொடுத்தா ஈரமே மிஞ்சாது” என்று மாணவர்கள் தங்களுக்குள் கேலி பேசிக்கொள்வார்கள். அது அவர் காதில் விழுந்திருக்கிறது. சிரித்துக்கொண்டார்.

மழை பொய்த்துக்கொண்டே போன வருடங்கள் அவை. கரிசல் காட்டில் கிணறுகள் வற்றி, ஊர்கள் காலியாகிக்கொண்டிருந்தபோதுதான் மேகத்தூண் யோசனை வந்தது. கடற்கரையில் உயரமான கோபுரங்கள். உச்சியில் மின்சாரம் பாய்ச்சி, காற்றிலேயே ஒரு வகை அயனியை, அதாவது மின்னூட்டம் ஏறிய மூலக்கூறை, உண்டாக்கி அனுப்பும். அயனியைச் சுற்றி நீராவி கூடும். கூடினால் துளி. பகலில் வீசும் கடற்காற்று அதை உள்ளே தள்ளிக்கொண்டு போகும். உப்பளங்களைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டி, விளாத்திகுளம் பக்கம் போய் மேகமாகி விழும். ஒரே நிபந்தனை, அந்த அயனி வந்த வேலையை முடித்ததும் செத்துவிட வேண்டும். காற்றில் தங்கிவிடக் கூடாது. அது சாகும் என்று அத்தாட்சி தர வேண்டியவர் மணி.

ஆய்வகத்தைப் பார்க்க வந்த அமைச்சர், இந்த வேலை தனக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா என்று கேட்டார். மணி ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

“ஒரு மாடு நிக்குதுன்னு வைங்க சார். அது முதுகுல ஒரு ஈ. மாட்டை நம்மால பாக்க முடியாது. ஆனா ஈ இருக்கா பறந்திருச்சான்னு தெரிஞ்சுக்க முடியும். ஒவ்வொரு நிறமா வெளிச்சத்தை மாட்டு மேல அடிச்சிட்டே வர்றோம். அதுக்கு ஏத்த நிறம் பட்டா தோலைச் சிலிர்த்துக்கும், ஈ பறந்துரும். எந்தெந்த நிறத்துல ஈ பறக்குதுன்னு குறிச்சு வச்சா, நிக்கறது மாடா எருமையான்னு சொல்லிரலாம். அயனியைப் பொறிக்குள்ள பிடிச்சுப் போட்டு, உறைய உறையக் குளிர வச்சு, அது மேல ஒரு நியான் அணுவை உக்கார வைக்கறோம். அதுதான் ஈ.”

அமைச்சர் ரசித்துச் சிரித்தார். “இந்த மாடு யாரையும் முட்டாதே?”

“முட்டாது சார். அரை நிமிஷத்துல செத்துரும்.”

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். உண்மையில் அன்றைய வரைகோட்டில் ஓரமாக ஒரு சின்னச் சிகரம் இருந்தது. அது ஈரம். கழித்தாயிற்று.

சோதனைக்காக ஒரே ஒரு தூண் நிறுத்தப்பட்டு ஒரு பருவம் ஓடியபின், நிபுணர் குழு கூடியது. அதில் ஓர் உறுப்பினர், தூணுக்குப் பின்னால் இருக்கும் உப்பளத்தில் பெண்களுக்குக் கண் சிவக்கிறது, எரிகிறது என்று மனு வந்திருப்பதாகச் சொன்னார். குழுவில் யாருக்கும் உப்பளம் தெரியாது. காரில் போகும்போது வெள்ளையாகத் தெரிகிற இடம், அவ்வளவுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் மணி வாயைத் திறந்தார். அதுவரை இருபது வருடங்களாக அவர் எங்கும் சொல்லாத ஒன்றை அன்று சொன்னார். தான் உப்பளத்துக் குடும்பத்தில் பிறந்தவன் என்றும், உப்பிலும் வெயில் கூசலிலும் நாளெல்லாம் நின்றால் கண் சிவப்பது அங்கே சாதாரணம் என்றும் சொல்லிவிட்டு, “எங்க அம்மா கண்ணும் அப்படித்தான் இருக்கும். நான் பாத்தப்பல்லாம் செவப்பா வீங்கித்தான் இருக்கும். எங்க ஆளுகளுக்கு இது பழக்கம்தான்” என்று முடித்தார். பலர் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். மறைத்து வைத்திருந்ததைத் துணிந்து சொல்லிவிட்டோம் என்று அவருக்கே அன்று பெருமையாக இருந்தது. அந்த வாக்கியம் கூட்டக் குறிப்பில் ஏறியது, திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது, அடுத்தடுத்துத் தூண்கள் எழுந்தன.

மறைத்தார் என்றால் பெரிதாக ஒன்றும் பொய் சொன்னதில்லை. சுடலைமணி என்ற பெயரில் சுடலையைச் சுருக்கி ஒரு எழுத்தாக்கிக்கொண்டார். ஊர் எது என்று கேட்டால் பாளையங்கோட்டை என்பார். ஆறாம் வகுப்பிலிருந்து அங்கே விடுதியில் படித்தவர்தானே. அக்கா ஒருத்தி, பிரம்மசக்தி, இன்னமும் அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருக்கிறாள் என்பதை மட்டும் யாரிடமும் பேச்சுவாக்கில் கூடச் சொன்னதில்லை.

தூண்கள் வந்த பிறகு அவர் வீடு கட்டிக் குடி புகுந்தபோது அக்கா வந்திருந்தாள். கண் மருத்துவ முகாமில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை வீட்டுக்குள்ளும் கழற்றாமல், சமையல்காரர்களோடு சேர்ந்து வெங்காயம் தவிர மற்றதெல்லாம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உடன் வேலை செய்கிறவர் ஒருவரின் மனைவி, அது யார் என்று கேட்டாள். மணி, “ஊர்க்காரங்க” என்றார். திரும்பிப் பார்த்தால் அக்கா தண்ணீர்ச் சொம்போடு பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் அவள் முகத்தில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. பந்தி முடியும் முன்பே பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள். அதன் பிறகு மணி அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. போனில் பேசினால் நன்றாக இருக்கிறேன் என்பாள்.

இப்போது தூண்களைக் கடற்கரை நெடுகக் கொண்டுபோவதற்கு மறுபடியும் குழு கூடவிருந்தது. மணியின் கையெழுத்து போதும். அந்த நேரத்தில்தான் நிலோபர் அவர் அறைக்கு வந்தாள். முனைவர் பட்டம் முடித்து, வெளிநாட்டில் சில வருடம் இருந்துவிட்டு வந்து சேர்ந்தவள். அதிகம் பேச மாட்டாள். மடிக்கணினியை அவர் மேசையில் திறந்து வைத்துவிட்டு நின்றாள்.

“சார், ஈரம் இடம் மாறுது.”

மணிக்குச் சிரிப்பு வந்தது. “ஈரம் எப்படிம்மா இடம் மாறும்?”

ஒளி போகும் வழி முழுவதையும் குழாய்க்குள் அடைத்து, உலர்ந்த நைட்ரஜனை நிரப்பிப் பார்த்ததாகவும், அறையின் நீராவிக்கு வேலையே இல்லாத அந்த நிலையிலும் ஓரத்துச் சிகரம் அப்படியே நின்றதாகவும் அவள் சொன்னாள். பிறகு பொறிக்குள் கசியும் சாதாரணத் தண்ணீருக்குப் பதிலாகக் கனநீரை விட்டிருக்கிறாள். அதுவும் தண்ணீர்தான், எடை மட்டும் கொஞ்சம் கூடுதல். உடனே சிகரம் தள்ளிப் போய்விட்டது.

“ரூம்ல இருக்கற ஈரம்னா, நாம உள்ள என்ன விட்டாலும் அது பாட்டுக்கு அங்கேயே நிக்கணும் சார். இது நாம விட்ட தண்ணிக்கு ஏத்த மாதிரி நகருது. அயனி மேலேயே தண்ணி ஒட்டிட்டு இருக்கு. அதோட துடிப்பு இது.”

“பொறிக்குள்ள கொஞ்சம் தண்ணி கசியத்தான் செய்யும். அது நம்ம கருவியோட அழுக்கு. அதை நாம கழிக்கறது சரிதான். வெளியில...” என்று ஆரம்பித்த மணி அங்கேயே நின்றுவிட்டார்.

“வெளியில, வானத்துல, தண்ணி இல்லாமலா சார் இருக்கும்?” என்று நிலோபர் மெதுவாகக் கேட்டாள். “தண்ணி இருக்கறதாலதானே அதை அங்க அனுப்பறோம்.”

மணிக்குக் காது மடல் சூடானது. பள்ளிப் பிள்ளை கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மழைக்காக அனுப்புகிற ஒரு பொருளை, ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாத நிலையில் சோதித்து, அது அரை நிமிடத்தில் செத்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். தண்ணீரோடு அது என்னவாகிறது என்பதைக் கருவி முதல் நாளே காட்டியிருக்கிறது. அதைத்தான் அழுக்கு என்று துடைத்துத் துடைத்து எடுத்திருக்கிறார்கள்.

நிலோபர் மிச்சத்தையும் சொன்னாள். தண்ணீரைப் போர்த்திக்கொண்ட அயனி சாவதில்லை. காற்றில் வெகுநேரம் மிதக்கிறது. உப்புத் தூசி மேல் பட்டால் அதிலிருந்து குளோரின் வாயுவைக் கிளப்புகிறது. “ரொம்பக் கொஞ்சம்தான் சார். நீச்சல் குளத்துல கண்ணு எரியுமே, அந்த மாதிரி. ஆனா குளிக்கறவங்க கொஞ்ச நேரத்துல கரையேறிருவாங்க. உப்பளத்துல இருக்கறவங்க வருஷக்கணக்கா அதுக்குள்ளேயே நிக்கறாங்க.”

இந்த இடத்தில் மணி என்ன கேட்டிருக்க வேண்டும் என்பது அவருக்குப் பிறகு நன்றாகத் தெரிந்தது. எத்தனை பேருக்குக் கண் போயிருக்கும் என்று கேட்டிருக்கலாம். உடனே தூண்களை நிறுத்த யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கலாம். அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

“இதை வேற யாருகிட்டயும் சொல்லலியே?”

நிலோபர் அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். இல்லை என்று தலையசைத்தாள். அதற்குப் பிறகு அவள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. இன்னொரு முறை செய்து பார்க்கச் சொன்னார். ஏற்கெனவே செய்துவிட்டேன் என்றாள். அதற்கு மேல் ஒளிய இடமில்லை.

அந்த வாரம் முழுக்க மணி நடைப்பிணமாகத் திரிந்தார். தவறு செய்வது ஆராய்ச்சியில் சகஜம், திருத்திக்கொள்வதற்குத்தான் விஞ்ஞானம் இருக்கிறது என்று தனக்குத்தானே வகுப்பெடுத்தார். சிகரத்தைப் பற்றிய அவமானத்தை அப்படிச் சொல்லி ஓரளவு சமாளித்தும் விட்டார். சமாளிக்க முடியாமல் மிஞ்சி நின்றது ‘எங்க ஆளுகளுக்கு இது பழக்கம்தான்’ என்ற அந்த ஒரு வாக்கியம். அதை எந்தக் கருவியும் அவர் வாயில் போடவில்லை.

குழு கூடிய காலையில், துறைமுகத்துக்குப் பக்கத்து விருந்தினர் மாளிகை வாசலில் கரிசல் காட்டு விவசாயிகள் அவருக்காகக் காத்திருந்தார்கள். தூண் வந்த பிறகு ஊருக்குத் திரும்பியவர்கள். கையைப் பிடித்துக்கொண்டு, இந்த வருடம் மிளகாய் எப்படிக் காய்த்திருக்கிறது பாருங்கள் என்று ஒரு பை நிறைய முண்டு வத்தலை அவர் கையில் திணித்தார்கள். ஒருவர் காலில் விழப் போனார். மணி பின்வாங்கி, சுவரில் முட்டிக்கொண்டார். பையை வாங்காமல் இருக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் கூசியது. காரின் பின்னிருக்கையில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னார். அதில் குறை வைக்கவில்லை. சிகரத்தைக் காட்டினார், கனநீரில் அது நகர்வதைக் காட்டினார், தன் அத்தாட்சி தப்பு என்றார், தூண்களை நிறுத்த வேண்டும் என்றார். பின்வரிசையில் நிலோபர் உட்கார்ந்திருந்தாள். குழுவின் தலைவர் கிரிதரகோபால் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். வயதானவர், நிதானமானவர், யாரையும் கடிந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

“ஆய்வகத்துல வர்றது சரி மணி. ஆனா அளவு ரொம்பக் குறைவுன்னு நீங்களே சொல்றீங்க. அதனாலதான் கண்ணு கெடுதுன்னு எப்படிச் சொல்றது? அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது பாதிக்கப்பட்டிருக்காங்களா?”

மணி மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “எங்க அக்கா அங்கதான் வேலை பாக்கறாங்க. கறுப்புக் கண்ணாடி போட்டிருக்காங்க.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பரிவோடு தலையாட்டினார். “அதான் பாத்தேன். உங்க மனசுல ஈரம் இருக்கு மணி. அது இல்லாதவன் மனுஷனே இல்ல. ஆனா முடிவெடுக்கறப்ப அந்த ஈரத்தைக் கழிச்சிட்டுத்தானே பாக்கணும்?”

பின்வரிசையில் நிலோபர் தலையைக் குனிந்துகொண்டாள். தலைவருக்கு அந்த ஆய்வகத்து வார்த்தை தெரியாது. அவர் நல்ல மனதோடு சொன்னார்.

பிறகு அவர் மெல்ல விஷயத்துக்கு வந்தார். தூண் வருவதற்கு முன்பு அந்தப் பெண்களின் கண் எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் ஏதாவது இருக்கிறதா? தேடிப் பார்த்தார்கள். உப்பளத்துப் பெண்களின் கண்ணை அதற்கு முன்னால் யாரும் பரிசோதித்ததே இல்லை. இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

“இந்தக் கண் நோவு தூணுக்கு முன்னாடியே இருந்துச்சுன்னு குறிப்புல இருக்கு. சொன்னது யாரு?”

“நான்தான்” என்றார் மணி.

“உங்க அம்மாவுக்கே இருந்ததா சொல்லியிருக்கீங்க. அங்க வேலை செய்யற குடும்பத்துல பிறந்த விஞ்ஞானி சொன்னதுன்னுதான் நாங்க எல்லாரும் அதை எடுத்துக்கிட்டோம். இப்ப அது பொய்யா?”

பொய் இல்லை. அதுதான் கஷ்டம். அம்மாவின் சிவந்த கண்கள் அவருக்கு நேற்றுப் பார்த்தது போல ஞாபகம் இருந்தன. இல்லை, பொய் இல்லை என்றார். அப்படியானால் நாளைக் காலை வரை யோசித்துவிட்டு வாருங்கள், புதிதாக ஏதும் இல்லையென்றால் முடிவெடுத்துவிடலாம் என்று சொல்லித் தலைவர் எழுந்தார். போகும்போது மணியின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

மத்தியான வெயிலில் மணி நேராக அக்கா வீட்டுக்கு வண்டியை விட்டார். இருபுறமும் பாத்திகள் கண்ணைப் பறித்தன. குவித்து வைத்த உப்பு அம்பாரங்கள் மேல் கீற்று வேய்ந்திருந்தார்கள். அவற்றுக்கு அப்பால் கடற்கரையில் தூண்கள் வரிசையாக நின்றன. மிளகாய்ப் பையைக் காரிலேயே வைத்துக் கண்ணாடியை ஏற்றிப் பூட்டிவிட்டு இறங்கினார்.

அக்கா வாசல் கதவருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கினாள். மணி ஏறக்குறைய எதிரே வந்து நிற்கும் வரை யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

“ஆரு, சொடலையா? என்னல திடீர்னு. உள்ள வா, வெயில்ல நிக்காத.”

வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டார். போன மாதத்தோடு நின்றுவிட்டதாகச் சொன்னாள். பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் இரண்டு தரம் விழுந்திருக்கிறாள். கங்காணி வேண்டாம் என்றுவிட்டார். போனில் ஏன் சொல்லவில்லை என்று மணி கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

“கண்ணு தண்ணியே சுரக்கலையாம். ஈரம் வத்திப் போச்சுன்னு டாக்டர் சொல்லுதாரு” என்றாள் அக்கா, ஏதோ குடத்தைப் பற்றிச் சொல்கிறாற்போல. “போன மாசம் நம்ம கொழுந்தன் செத்துப் போனான்லா. எல்லாவளும் அழுதாளுக. எனக்கு எரியுது, தண்ணி வரல. கல்லு மாதிரி இருக்கான்னு பேசியிருப்பாளுக.”

மணி தரையில் உட்கார்ந்தார். முதலில் தூணைப் பற்றிச் சொன்னார். அயனி, அகச்சிவப்பு எல்லாம் விட்டுவிட்டு, காற்றில் நாங்கள் அனுப்பிய ஒன்று உப்போடு சேர்ந்து உங்கள் கண்ணைக் கெடுத்திருக்கிறது, அது கெடுக்காது என்று எழுதிக் கொடுத்தவன் நான் என்றார். அக்கா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று பார்த்தார். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

“தெரியாமத்தான செஞ்ச?” என்றாள்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் அப்படியே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. இன்னொன்று இருக்கிறது என்றார்.

“உங்களுக்குக் கண்ணு எரியுதுன்னு அப்பவே மனு கொடுத்திருந்தாக அக்கா. கூட்டத்துல அதைக் கேட்டாக. நான்தான் எந்திரிச்சு, அது எங்க ஆளுகளுக்குப் பழக்கம்தான்னு சொன்னேன். எங்க அம்மா கண்ணும் எப்பவும் செவந்துதான் இருக்கும்னு சொன்னேன். அதோட விட்டுட்டாக.”

அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கண்கள் காய்ந்த புண் போல இருந்தன. மணியால் அவற்றைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் இருக்கவும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

“அம்மா கண்ணுக்கு என்னல கேடு?” என்றாள். “சாகுத வருசம் கூட ஊசில நூலு கோத்துத் தந்தாளே. கூசும். சாயங்காலம் கொஞ்சம் எரியும், கழுவுனா போயிரும். எங்க எல்லாருக்கும் அப்ப அம்புட்டுத்தான்.”

“செவந்திருக்குமே அக்கா. நான் எத்தனை தடவை பாத்திருக்கேன்.”

“எங்க வச்சுப் பாத்த?”

மணி யோசித்தார். பஸ் நிலையம். அம்மா ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு, முறுக்குப் பொட்டலத்தை மேலே நீட்டுவாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருக்கும். விடுதிக்குத் திரும்புகிற ஒவ்வொரு முறையும் அப்படித்தான். வேறு எங்கே பார்த்தோம் என்று தேடினார். வீட்டில், அடுப்படியில், அளத்தில். எங்கேயும் அம்மாவின் சிவந்த கண் இல்லை.

“நீ லீவுக்கு வந்தா அவ அளத்துக்கே போக மாட்டாளே” என்றாள் அக்கா. “நீ போறதுக்கு முந்தின ராத்திரி, நீ தூங்குன பொறவு, அடுப்படில உக்காந்து அழுவா. விடிய விடிய. நான் பக்கத்துல கெடப்பேன். காலைல கண்ணு ரெண்டும் இங்ஙன வந்து நிக்கும். நீ என்னம்மான்னு கேப்ப. உப்புக் காத்துல, ஒண்ணும் இல்லன்னு சொல்லுவா. நீயும் சரின்னுட்டு பஸ் ஏறிருவ.”

மணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா சொன்னாள், நம்பினார். அதில் குற்றமில்லை. ஆனால் அதன் பிறகு இத்தனை வருடத்தில் ஒரு தரமாவது அதைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். அக்காவைக் கேட்டிருக்கலாம். கேட்பதற்கு ஒரு போன் போதும். தன் ஆட்களின் கண் எப்படி இருக்கும் என்று உலகத்துக்குச் சொல்லப் போனவர், அந்த ஆட்களில் ஒருவரைக் கூடக் கேட்கவில்லை.

“நாளைக் காலைல மறுபடியும் கூட்டம் இருக்கு” என்றார், முகத்திலிருந்து கையை எடுக்காமல். “நான் சொன்னது தப்புன்னு சொல்லணும். அம்மா கண்ணு எதனால செவந்துச்சுன்னு சொல்லணும். அவங்க நம்புவாங்களான்னு தெரியல. எம் மனசுல ஈரம் இருக்காம். அதனால நான் சொல்றது எடுபடாதுங்கறாங்க.”

“நீ ஒத்தையில சொன்னா எப்படி எடுபடும்? நானும் வாரேன். அந்த மனுவுல கைநாட்டு வச்ச பொம்பளைகளையும் கூட்டிட்டு வாரேன். அம்மாகூட வேலை பாத்தவளுக இன்னும் நாலஞ்சு பேரு இருக்காளுக. அப்ப எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்குன்னு அவளுக சொல்லட்டும். எங்க கண்ண எங்ககிட்ட கேக்கட்டும்.” பிறகு அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். “ஆனா ஒண்ணு. என்ன ஆருன்னு சொல்லுவ அங்க?”

அந்தக் கேள்வி குடி புகுந்த நாளிலிருந்து அவள் வாய்க்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். கோபம் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

“எங்க அக்கான்னு சொல்லுவேன்.”

“வாசல்லயே சொல்லணும்.”

“வாசல்லயே சொல்லுதேன்.”

அவர் பேச்சு ஊர்ப் பேச்சாக மாறிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. அக்கா கவனித்தாள் போலிருக்கிறது, உதட்டோரம் கொஞ்சம் இளகியது. மாடத்தில் மருந்து இருக்கிறது, வேளையாகிவிட்டது, தானே விட்டுக்கொண்டால் பாதி காதுக்குப் போகிறது, விட்டுவிடு என்றாள். மணி எழுந்து போய்ச் சின்னக் குப்பியை எடுத்து வந்தார். அவள் நாற்காலியில் தலையைச் சாய்த்து அண்ணாந்தாள். கோடிக்கணக்கான அயனிகளை ஒரு விரலிடைப் பொறிக்குள் அசையாமல் நிறுத்துகிற மனிதருக்கு அன்று குறி தவறியது. ஒரு சொட்டு கண்ணில் விழுந்தது. இரண்டு சொட்டு வெளியே விழுந்து, கன்னத்தில் கோடாக இறங்கின.

அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“துடைக்காதல. ஈரம் இருக்கட்டும்.”

மணி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த கண்ணுக்கு மருந்தை விட்டார்.